இன்னாபா உங்க ஊரு டீமு?

முதல்லயே சொல்லிடறேன். இது சி.எஸ்.கே. ரசிகக் கண்மணிகளை வம்புக்கு இழுக்கிற பதிவு தான். உள்குத்து எல்லாம் இல்லை, நேர்குத்து. மஞ்சள் பனியன் போட்டுக்கிட்டு படிக்கிறவங்க ஒரு டம்ளர் தண்ணி குடிச்சிட்டு வந்து உக்காருங்க. ஆட்டோ அனுப்பறவங்க மட்டும் கடைசி வரிக்கு அப்புறம் அனுப்பவும் :-)

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டைன்னு எங்க தோல் பெல்ட்டுல ஏப்ரல், மே மாசம் எந்தத் தெருவுக்குள்ள வேணா போய்ப் பாருங்க. டீக்கடையில மஞ்சள், பைக் டேங்க்ல மஞ்சள், ஷூ கம்பெனி ஷிப்ட் முடிஞ்சு வர்ற பையன் முதுகுல 7-ம் நம்பர். "இன்னாபா, நம்ம டீமு இன்னா ஆச்சு?"ன்னு கேட்டா "நம்ம டீமு"ன்னா எதுன்னு யாரும் திருப்பிக் கேக்கறதில்லை. அவ்ளோ தெளிவு.

என் கேள்வி இது தான்: எப்படிப்பா அது "நம்ம" டீமு?

தூரத்தை வச்சுப் பார்த்தா ஆம்பூர்ல இருந்து சென்னையும் பெங்களூரும் ஏறக்குறைய ஒரே தொலைவு. சரியா அளந்தா பெங்களூர் கொஞ்சம் கிட்டக்கூட. தூரம் தான் கணக்குன்னா நாம சிவப்பு பனியன் போட்டிருக்கணும். மாட்டோம். ஏன்னா பெங்களூர் வேற மாநிலம், சென்னை நம்ம மாநிலம். ஆக, நம்ம மனசுல இருக்கிறது "தமிழ்நாடு" அப்படிங்கிற உணர்ச்சி. ரொம்ப நல்ல உணர்ச்சி. அதுல எனக்கு ஒரு சண்டையும் இல்லை.

ஆனா மக்கா, "தமிழ்நாடு"ன்னே பேர் வச்சு ஒரு டீம் இருக்குதே, தெரியுமா? ஐ.பி.எல்.லுக்கு 70 வருஷம் முன்னாடியே ஆட ஆரம்பிச்ச டீம். அப்ப பேர் மெட்ராஸ். ரஞ்சிக் கோப்பையோட முதல் ஆட்டமே 1934 நவம்பர் 4-ந் தேதி சேப்பாக்கத்துல தான் நடந்தது. மெட்ராஸும் மைசூரும். ஏ.ஜி.ராம்சிங் ரெண்டு இன்னிங்ஸும் சேர்த்து 11 விக்கெட் எடுக்க, ஆட்டம் ஒரே நாள்ல முடிஞ்சு போச்சு. 20-20 கணக்கா ஒரே நாள்ல ரிசல்ட். அப்பவே! இந்த டீமோட இப்போதைய கேப்டன் பேரை என்கிட்ட சொல்லுங்க பார்ப்போம். கூகிள் பண்ணாம.

சொல்ல முடியலைல்ல? அதுக்குத் தான் இந்தப் பதிவு.

பேர் மட்டும் ஊரு

சென்னையில, பெங்களூர்ல, ஏன், ஹைவே ஓரத்துல எல்லாம் "ஆம்பூர் பிரியாணி"ன்னு போர்டு பார்த்திருப்பீங்க. உள்ள போனா பாஸ்மதி அரிசி. கத்திரிக்காய் தொக்குக்குப் பதிலா ஒரு தண்ணிக் குருமா. ஆம்பூர்க்காரன் எவனாவது சாப்பிட்டா வயிறு எரியும். "சீரகச்சம்பா எங்கடா? தொக்கு எங்கடா? பேர் மட்டும் எங்க ஊரா?"ன்னு சண்டைக்குப் போவான். சொந்தக்காரன் கல்யாணத்துல தொக்குல புளி கம்மின்னாலே மூஞ்சியைத் தூக்கிக்கிற ஜனம் நாம.

பிரியாணிக்கு இவ்ளோ ரோஷம் இருக்கிற நமக்கு கிரிக்கெட்ல மட்டும் பேர்ல "சென்னை"ன்னு போட்டிருந்தா போதுமா?

2023 மே 29 ராத்திரி, ஆமதாபாத், ஐ.பி.எல். பைனல். கடைசி ரெண்டு பந்துல 10 ரன் வேணும், ஜடேஜா ஒரு சிக்ஸ், ஒரு ஃபோர். ஊரே வெடி வெடிச்சது. அதெல்லாம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு. அந்த ராத்திரி சென்னை டீம் பதினோரு பேர்ல தமிழ்நாட்டுக்காரர் எத்தனை பேருன்னு எண்ணிப் பார்த்தீங்களா? ருதுராஜ், கான்வே, ரஹானே, ராயுடு, தோனி, ஜடேஜா, மொயீன் அலி, தீபக் சாஹர், தேஷ்பாண்டே, தீக்ஷனா, பதிரனா. இம்பாக்ட் பிளேயரா வந்தது துபே. முட்டை. பூஜ்ஜியம்.

எதிர் டீம்ல ஒரு சென்னைப் பையன் இருந்தான். சாய் சுதர்சன். ரஞ்சியில தமிழ்நாட்டுக்கு ஆடின முதல் ஆட்டத்துலயே ஐதராபாத்துக்கு எதிரா 179 அடிச்சவன். அந்தப் பைனல்ல 47 பந்துல 96 ரன். குஜராத் 214 போனதே அவனால தான். ஐ.பி.எல். பைனல்ல ஒரு தமிழ்நாட்டுப் பையன் ஆடின அட்டகாசமான இன்னிங்ஸ்ல ஒண்ணு. அதை நாம எப்படிப் பார்த்தோம்? ஒவ்வொரு ஃபோருக்கும் "அய்யோ, இவன் அவுட் ஆக மாட்டானா"ன்னு வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டுப் பார்த்தோம். நம்ம டீம்ங்கிற பேர்ல நம்ம பையன் தோக்கணும்னு வேண்டிக்கிட்ட ராத்திரி அது. யோசிச்சுப் பாருங்க, காமெடியா இல்லை?

எங்க ஏரியா பொழைப்பையே எடுத்துக்கங்க. இங்க தைக்கிற ஷூ வெளிநாட்டுக்குப் போகுது. அங்க கடையில வேற பேர் ஒட்டி விக்கிறாங்க. உழைப்பு நம்மது, பேர் அவங்களது. ஐ.பி.எல்.ல அது அப்படியே தலைகீழ். பேர் நம்மது, ஆட்டம் வேற யாரோடது. ரெண்டுலயும் நாம ஏமாளி தான். ஷூ தைச்சா கூலியாவது கையில வருது. இங்க நாம தான் காசு கொடுக்கிறோம். 2024-ல சேப்பாக்கத்துல ஐ.பி.எல். பார்க்கக் குறைஞ்ச டிக்கெட்டே 1,700 ரூபாய், அதுவும் கிடைச்சா. ரஞ்சி ஆட்டத்துக்குப் பெரும்பாலும் சும்மாவே உள்ள விடுவாங்க. சும்மா விட்டாலும் ஆள் இல்லை.

நியாயமா பேசுவோம்

சி.எஸ்.கே. எப்பவுமே இப்படித் தான்னு நான் சொல்ல மாட்டேன். 2008-ல ஐ.பி.எல்.லோட முதல் ஹாட்ரிக்கை எடுத்தது நம்ம பாலாஜி, சேப்பாக்கத்துல. 2010, 2011-ல கப் ஜெயிச்ச டீம்ல பத்ரிநாத், முரளி விஜய், அஸ்வின்னு மூணு பேர் தூணா நின்னாங்க. 2011 பைனல்ல விஜய் 52 பந்துல 95, அஸ்வின் முதல் ஓவர்லயே கெய்லை டக் அவுட். அந்த டீமை ஊர் டீம்னு சொன்னா நான் வாயைத் திறக்க மாட்டேன்.

அப்புறம் என்ன ஆச்சு? ஜெகதீசனைப் பாருங்க. 2018-ல இருந்து 2022 வரைக்கும் மஞ்சள் பனியன்ல பெஞ்சுல உக்காந்திருந்தான். ஆடினது விரல் விட்டு எண்ணிடலாம். 2022 நவம்பர்ல டீமை விட்டு அனுப்பினாங்க. ஒரு வாரத்துக்குள்ள, விஜய் ஹசாரேவுல அருணாசலப் பிரதேசத்துக்கு எதிரா 277. லிஸ்ட் ஏ கிரிக்கெட்ல உலக சாதனை. வரிசையா அஞ்சு ஆட்டத்துல அஞ்சு செஞ்சுரி, அதுவும் உலக சாதனை. தமிழ்நாடு அன்னிக்கு 50 ஓவர்ல 506. அந்தப் பையனுக்கு ஆம்பூர் பஸ் ஸ்டாண்டுல ஒரு ஃபிளெக்ஸ் பார்த்தீங்களா? நான் பார்க்கலை.

"கம்பெனி ஏலத்துல யாரை எடுக்குதோ அது அவங்க பிசினஸ்"னு சொல்வீங்க. சரி தான். நானும் அதையே தான் சொல்றேன். அது அவங்க பிசினஸ். அவங்க பிசினஸை நாம ஏன் நம்ம ஊர்ப்பாசம்னு நினைச்சுக்கணும்?

இன்னொண்ணு. 2015 ஜூலையில லோதா கமிட்டி சி.எஸ்.கே.வுக்கு ரெண்டு வருஷம் தடை போட்டது. 2016, 2017-ல சென்னைக்கு ஐ.பி.எல். டீமே இல்லை. ஊர்ப்பாசக்காரங்க அப்ப என்ன பண்ணியிருக்கணும்? ஊர்ல மிச்சம் இருந்த டீமைப் பார்த்திருக்கணும். அந்த சீசன்ல தமிழ்நாடு என்ன பண்ணிச்சு தெரியுமா? 2017 மார்ச்ல விஜய் சங்கர் கேப்டன்சியில விஜய் ஹசாரே கப். பைனல்ல வங்காளத்தை அடிச்சாங்க, தினேஷ் கார்த்திக் 112. கையோட தியோதர் கப்பும். ஒரே மாசத்துல ரெண்டு கப்! நம்ம ஆளுங்க என்ன பண்ணாங்க? புனே டீமைப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க, தோனி அங்க போயிட்டாருன்னு. ஆக, அது ஊர்ப்பாசமும் இல்லை, டீம் பாசமும் இல்லை, ஆள் பாசம். தப்பில்லை. ரஜினிக்குப் பால் ஊத்தற ஊர்ல இது சகஜம். ஆனா அதுக்கு "ஊர் டீம்"னு பேர் வைக்காதீங்க.

ஆள் பாசம் எந்த அளவுக்குப் போகும்னா, சொந்த டீம் பேட்ஸ்மேன் அவுட் ஆகணும்னு சேப்பாக்கமே காத்திருக்கும். மேல இறங்கினா நான் எப்ப அவுட் ஆவேன்னு காத்திருப்பாங்கன்னு ஜடேஜாவே சிரிச்சுக்கிட்டு சொன்னாரு. 1999 ஜனவரியில பாகிஸ்தான் 12 ரன்ல ஜெயிச்சப்ப எழுந்து நின்னு கை தட்டின சேப்பாக்கம் தான் இது. உலகமே மெச்சின கூட்டம்!

ஒரு வேடிக்கை சொல்றேன். 2021 நவம்பர் 22, சையது முஷ்டாக் அலி பைனல், தமிழ்நாடும் கர்நாடகாவும். கடைசிப் பந்துல 5 ரன் வேணும். ஷாருக் கான் (நம்ம சென்னை ஷாருக் கான்) தூக்கி அடிச்சான், சிக்ஸ், கப் நமக்கு. அதை தோனி டிவியில பார்க்கிற போட்டோ ஊரெல்லாம் சுத்துச்சு. தல பார்த்தாரு சார். தல ரசிகன் பார்த்தானா?

தோத்தா என்ன?

அடுத்த அம்பு எனக்குத் தெரியும். "அந்த டீம் என்னத்த ஜெயிச்சது? ரஞ்சியில எப்பப் பார்த்தாலும் தோல்வி தானே?"

உண்மை. ஒளிச்சு மறைக்க ஒண்ணுமில்லை. 90 வருஷத்துல ரஞ்சிக் கோப்பை ரெண்டே தடவை. 1954-55-ல பாலு அழகணன் கேப்டன்சியில இந்தூர்ல ஹோல்கரை 46 ரன்ல அடிச்சது ஒண்ணு. 1987-88-ல வாசுதேவன் கேப்டன்சியில சேப்பாக்கத்துல ரயில்வேஸை இன்னிங்ஸ் தோல்வி அடைய வச்சது இன்னொண்ணு. அதுக்கப்புறம் ஆறு தடவை பைனல் போய் ஆறும் தோல்வி. 2003, 2004-ல அடுத்தடுத்து மும்பைகிட்ட. 2012-ல சொந்த மண்ணுல ராஜஸ்தான் 621 அடிச்சு கொன்னாங்க, வினீத் சக்சேனா மட்டும் 257. 2015-ல கருண் நாயர் 328. 2024 செமி பைனல் இன்னும் மோசம். மும்பை 7 விக்கெட்டுக்கு 106. சாய் கிஷோர் சுத்தி சுத்தி விக்கெட் எடுக்கிறான். அந்த சீசன்ல நாட்டுலயே அதிக விக்கெட் அவனோடது தான், 53. ஆஹா, இந்த வருஷம் தான்னு நிமிர்ந்து உக்காந்தா, ஒன்பதாவதா இறங்கின ஷர்துல் தாக்குர் 109. இன்னிங்ஸ் தோல்வி. 2025-ல கால் இறுதியில விதர்பாகிட்ட 198 ரன்ல அவுட்.

இதையெல்லாம் ஒண்ணு விடாம ஃபாலோ பண்றவன் நான். ஆபீஸ்ல கோட் கம்பைல் ஆகிற நேரத்துல இன்னொரு ஜன்னல்ல ஸ்கோர்கார்டு ஓடும். பக்கத்து சீட்டுக்காரர் எட்டிப் பார்த்துட்டு "யாரு மேட்ச் பாஸ் இது? இன்னிக்கு ஏதும் மேட்ச் இல்லையே?"ன்னு கேப்பாரு. என்னைப் பாவமா பார்ப்பாங்க.

பாவப்பட வேண்டியது என்னையா? அமெரிக்காவுல பேஸ்பால்னு ஒண்ணு ஆடறாங்க, தெரியும்ல. சிகாகோ கப்ஸ்னு ஒரு டீம். 1908-ல சாம்பியன் ஆனாங்க. அடுத்த தடவை எப்ப? 2016-ல. நடுவுல 108 வருஷம்! அப்பன், பாட்டன், முப்பாட்டன்னு தலைமுறை தலைமுறையா கப்பையே பார்க்காம செத்துப் போனாங்க. ஆனாலும் டீமை விடலை. ஒரு சீசனுக்கு 162 ஆட்டம், பாதி சொந்த ஊர்ல. பையனைக் கூட்டிக்கிட்டு அப்பன் போவான், தோத்துட்டு வீட்டுக்கு வருவாங்க, அடுத்த வாரம் மறுபடி போவாங்க. அவங்களை யாரும் "லூசு"ன்னு சொல்லலை. உண்மையான ரசிகன்னு சொன்னாங்க. நம்ம கணக்கு வெறும் 38 வருஷம். கப்ஸ் ரசிகன் முன்னாடி நாமெல்லாம் பச்சைக் குழந்தை.

அதே ஊர் இன்னொரு பாடமும் சொல்லித் தருது. நியூயார்க்ல புரூக்ளின் டாட்ஜர்ஸ். அந்தப் பேட்டை ஜனங்க உயிரையே வச்சிருந்தாங்க. வருஷா வருஷம் தோத்து, 1955-ல ஒரு வழியா சாம்பியன். ரெண்டே வருஷம். 1957 சீசன் முடிஞ்சதும் முதலாளி டீமைத் தூக்கிக்கிட்டு லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போயிட்டாரு. மைதானத்தை 1960-ல இடிச்சுட்டாங்க. புரூக்ளின்காரனோட பாசத்தை யாரும் பெட்டியில வச்சு அனுப்பலை, அது அங்கயே கிடந்து நாறுச்சு. முதலாளி வச்சிருக்கிற டீம் மேல வைக்கிற பாசத்துக்குக் கேரண்டி கிடையாது.

அமெரிக்கா வரைக்கும் எதுக்கு? நம்ம டி.என்.பி.எல். போதும். 2016-ல முதல் கப்பை ஜெயிச்சது தூத்துக்குடி பேர்ல இருந்த டீம். இப்ப அந்த டீம் எங்க? சேலம் ஆயிடுச்சு. காரைக்குடி காளை திருப்பூர் தமிழன்ஸ் ஆயிடுச்சு. திருவள்ளூரா இருந்தது காஞ்சி ஆச்சு, அப்புறம் நெல்லை ஆச்சு. வீட்டு வாடகைதாரர் கூட இவ்ளோ சீக்கிரம் காலி பண்ண மாட்டார். வேலூர், ஆம்பூர் பேர்ல ஒரு டீம் வரவேயில்லைன்னு நான் வருத்தப்பட்டதுண்டு. இதைப் பார்த்தா வராததே நல்லதுன்னு தோணுது :-)

தமிழ்நாடு ரஞ்சி டீமை யாரும் புனேவுக்குத் தூக்கிட்டுப் போக முடியாது. ஏலத்துல விக்க முடியாது. ஜெயிச்சாலும் தோத்தாலும் அது இங்கயே தான் கிடக்கும். ஊர் டீமுக்கு முதல் லட்சணம் அது தான்.

"அப்ப, ஊர்க்காரன் மட்டும் தான் ஆடணுமா?"

இந்தக் கேள்வி வரும். வந்தே தீரும். இன வெறி, பிரிவினைன்னு முத்திரை குத்தறதுக்கு நாலு பேர் ரெடியா இருப்பீங்க. அதனால நான் என்ன சொல்றேன்னு சரியா கேட்டுக்கங்க.

ரத்தம் பார்க்கிற ஆள் நான் இல்லை. மேல சொன்ன ஏ.ஜி.ராம்சிங் யாரு? சீக்கியர். மெட்ராஸ்லயே வாழ்ந்து, மெட்ராஸுக்கே ஆடினவர். அவர் பையன் கிரிபால் சிங் 1954-55-ல கப் வாங்கிக் கொடுத்தவங்கள்ல முக்கியமானவர். பேரன் அர்ஜன் கிரிபால் சிங் 1989-ல கோவாவுக்கு எதிரா 302 நாட் அவுட். அதே இன்னிங்ஸ்ல டபிள்யூ.வி.ராமன் 313. தமிழ்நாட்டு கிரிக்கெட்ல முதல் குடும்பம்னு சொன்னா டர்பன் கட்டின அந்தக் குடும்பத்தைத் தான் சொல்லணும். எங்க ஆம்பூரையே எடுத்துக்கங்க, ஒரே தெருவுல தமிழ், உருது, தெலுங்கு மூணும் கேக்கும். நாங்க யாரைப் போய் "நீ வெளியூரு"ன்னு சொல்றது?

நான் பார்க்கிறது ரத்தத்தை இல்லை, வழியை. என் தெருவுல டென்னிஸ் பால் வீசற பையன் நாளைக்குப் போய்ச் சேர்றதுக்கு ஒரு வழி இருக்கிற டீம் எதுவோ, அது தான் என் ஊர் டீம். அவ்ளோ தான் என் இலக்கணம்.

சி.எஸ்.கே.வுக்கு அப்படி ஒரு வழி ஆம்பூர்ல இருந்து கிடையாது. ஏலம் தான் வழி. ஏலத்துக்குப் போகணும்னா அதுக்கு முன்னாடி ஒரு டீமுக்கு ஆடியிருக்கணும். அந்த டீம் எது? தமிழ்நாடு. மாவட்ட டீம், மாவட்டங்களுக்குள்ள போட்டி, அப்புறம் சென்னை லீக்ல ஒரு கிளப், அதுல டிவிஷன் டிவிஷனா மேல ஏறி, அப்புறம் மாநிலம்.

நடராஜன் எப்படி வந்தான்? சேலம் பக்கம் சின்னப்பம்பட்டி. டென்னிஸ் பால்ல ஆடினவன். சென்னைக்கு வந்து நாலாவது டிவிஷன் லீக்ல ஆரம்பிச்சு மேல வந்தான். 2015-ல தமிழ்நாட்டுக்கு ரஞ்சி. பந்து வீச்சு ஆக்‌ஷன்ல சந்தேகம்னு சொன்னாங்க, அதையும் மாத்திக்கிட்டு வந்தான். டி.என்.பி.எல்., அப்புறம் 2017-ல பஞ்சாப் 3 கோடி, அப்புறம் ஐதராபாத். 2020 டிசம்பர்ல இருந்து 2021 ஜனவரிக்குள்ள ஒரே ஆஸ்திரேலியா டூர்ல மூணு வகை ஆட்டத்துலயும் இந்தியாவுக்கு அறிமுகம், காபா டெஸ்ட் உட்பட. இந்த ரூட்ல மஞ்சள் கலர் எங்கயாவது வருதா? தமிழ்நாடு வருது.

இதுல நமக்கு என்ன போச்சு?

இங்க தான் விஷயமே இருக்கு. "நான் எந்த டீமைப் பார்த்தா உனக்கென்ன, பொழுதுபோக்கு தானே"ன்னு கேப்பீங்க. பொழுதுபோக்கு மட்டும்னா நான் இவ்ளோ டைப் அடிச்சிருக்க மாட்டேன்.

ஞாயித்துக்கிழமை காலையில பாலாத்துப் பக்கம் போய்ப் பாருங்க. தண்ணி வராத ஆத்துல பத்து ஆட்டம் ஒரே நேரத்துல நடக்கும். ஒருத்தன் ஃபீல்டர் இன்னொருத்தன் பிட்ச்ல நிப்பான். அதுல சில பேர் போடற யார்க்கரைப் பார்த்தா நமக்கே பக்குன்னு இருக்கும். வாரம் ஆறு நாள் டேனரியிலயோ ஷூ கம்பெனியிலயோ வேலை, ஏழாவது நாள் இது. 25 வயசாகும், கல்யாணம் ஆகும், பேட்டு பரண்ல ஏறிடும். தையல் போட்ட தோல் பந்தைக் கையால தொட்டுக்கூடப் பார்க்காம ஆட்டத்தை விட்டவன் எத்தனை பேர்? தோல் ஊர்ல பொறந்தவனுக்குத் தோல் பந்து கிடைக்கலை. இதை விட ஒரு கொடுமையான ஜோக்கை நான் கேட்டதில்லை.

இவனுக்கும் மாநில டீமுக்கும் நடுவுல என்ன குறையுது? தினமும் பழக ஒரு டர்ஃப் விக்கெட், ஒரு கோச், மாவட்ட செலக்‌ஷன் எப்ப நடக்குதுன்னு சொல்ல ஒரு ஆள், சென்னை லீக்ல ஆடப் போனா தங்க ஒரு இடம். "தமிழ்நாடு டீமே சென்னைக்காரங்க கிளப்பு தானே, எங்களுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"னு நீங்க கேக்கலாம். எதிர்வாதங்கள்ல இது ஒண்ணைத் தான் நான் மதிக்கிறேன். லீக் கிளப்புகள் சென்னையில இருக்கு, ஸ்பான்சர் சென்னையில இருக்கான், அதனால வெளி மாவட்டத்துப் பையன் ரெண்டு மடங்கு ஓட வேண்டியிருக்கு. ஆனா அதுக்கு மருந்து அந்த டீமைக் கைகழுவறதா? இல்ல, அந்த டீம் எங்களோடதும் தான்னு உரிமையா போய்க் கேக்கறதா?

கேக்கறதுக்கு முதல்ல பார்க்கணும். பார்க்காத டீம்கிட்ட எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு "எங்க மாவட்டத்துல இருந்து ஏன் ஆள் எடுக்கலை"ன்னு கேப்பீங்க? ரஞ்சி ஆட்டம் திண்டுக்கல் நத்தத்துல நடக்குது, சேலத்துல நடக்குது, கோயம்புத்தூர்ல நடக்குது. அங்கெல்லாம் யாரோ மைதானம் போட்டான், யாரோ கேட்டான். கேக்கற பழக்கம் எங்க ஏரியாவுக்குப் புதுசும் இல்லை. டேனரித் தண்ணி பாலாத்தைக் கெடுக்குதுன்னு வேலூர்க்காரங்க சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 1996-ல வாங்கின தீர்ப்பை இன்னிக்கும் சட்டக் கல்லூரியில பாடமா நடத்தறாங்க. சொந்த ஆத்துக்கு டெல்லி வரைக்கும் போனவங்க, சொந்தப் பையனுக்கு சேப்பாக்கம் வரைக்கும் போக மாட்டோமா?

வழி இருந்தா என்ன ஆகும்னு சத்துவாச்சாரியைப் பாருங்க. பளு தூக்கறதுல அந்தப் பேட்டைக்கு ஒரு பழக்கம் இருக்கு, ஜிம் இருக்கு, சொல்லித் தர மூத்தவங்க இருக்காங்க. அங்க இருந்து வந்த சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோவுலயும் 2018 கோல்ட் கோஸ்ட்லயும் காமன்வெல்த் தங்கம். 77 கிலோ பிரிவு, முதல் தடவை மொத்தம் 328 கிலோ. வேலூர் வெயில்ல வளர்ந்த உடம்பு தான் அது. கிரிக்கெட் பைத்தியம் பளு தூக்கறதை விட நூறு மடங்கு இருக்கிற ஊர்ல, கிரிக்கெட்டுக்கு அப்படி ஒரு பழக்கத்தை ஏன் உருவாக்க முடியலை? பைத்தியத்தை எல்லாம் வேற கம்பெனி உண்டியல்ல போட்டுட்டோம்.

2018 ஏப்ரல்ல காவிரிப் போராட்டத்தால சென்னை ஆட்டங்களைப் புனேவுக்கு மாத்தினப்ப, ஏறக்குறைய 1,000 ரசிகர்கள் தனி ரயில்ல போனாங்களே, ஞாபகம் இருக்கா? அவங்களை நான் கிண்டல் பண்ண மாட்டேன். பக்தி இல்லாத ஜனம் இல்லை நாம. பக்தி எக்கச்சக்கம். கோயில் தான் மாறிப் போச்சு. அந்த 1,000 பேர்ல பத்துல ஒரு பங்கு, 100 பேர், ரஞ்சி ஆட்டத்துக்கு வந்து உக்காந்தா டி.என்.சி.ஏ. திரும்பிப் பார்க்கும். பேப்பர்க்காரன் போட்டோ எடுப்பான். எதிர் டீம் பவுலர் பவுண்டரி லைன்ல நிக்கும் போது தமிழ்ல நாலு வார்த்தை கேப்பான் (நல்ல வார்த்தை தான்பா).

சரி, என்ன பண்ணச் சொல்ற?

மஞ்சள் பனியனை எரிக்கச் சொல்லலை. ஏப்ரல், மே உங்க இஷ்டம், தாராளமா விசில் அடிங்க. எனக்கு வேண்டியது மிச்ச மாசம்.

ஒண்ணு. அடுத்த ரஞ்சி சீசன்ல தமிழ்நாடு ஆடற ஒவ்வொரு ஆட்டத்தோட ஸ்கோரையும் பாருங்க. பி.சி.சி.ஐ. தளத்துல பந்துக்குப் பந்து வருது, காசு கிடையாது.

ரெண்டு. சீசனுக்கு ஒரு நாள் சேப்பாக்கம் போங்க. எங்க பக்கத்துக்காரங்களுக்குக் காலையில ஏலகிரி எக்ஸ்பிரஸ், சாயந்திரம் அதே வண்டியில வீடு. பையனைக் கூட்டிக்கிட்டுப் போங்க.

மூணு. டென்னிஸ் பால் டோர்னமென்ட்டுக்கு முதல் பரிசு, ரெண்டாம் பரிசுன்னு அள்ளிக் கொடுக்கிற எங்க ஊர்ப் பெரிய மனுஷங்களுக்கு: ரெண்டு வருஷப் பரிசுப் பணத்தைச் சேர்த்து ஒரு டர்ஃப் விக்கெட்டும் ஒரு கோச்சும் வைங்க. கப்பு அலமாரியில தூங்கும். பிட்ச்சு பையனை வளர்க்கும்.

நாலு. எங்க பக்கம் ஒரு ரஞ்சி ஆட்டம் வேணும்னு கேளுங்க. கொடுக்கலைன்னா ஏன்னு கேளுங்க. அதுக்கும் பதில் வரலைன்னா மறுபடி கேளுங்க.

இதுல ஒண்ணு கூட செய்ய முடியாது, ஆனா சென்னைன்னு பேர் போட்டதால அது தான் எங்க ஊர் டீம்னு இன்னும் அடம் பிடிக்கிறீங்களா? அப்ப அடுத்த தடவை ஹைவேயில பாஸ்மதி அரிசியில "ஆம்பூர் பிரியாணி" கொடுத்தா, தொக்கு எங்கன்னு கேக்காம, சத்தம் போடாம சாப்பிட்டுட்டு வாங்க. பேர் தான் இருக்கே, அப்புறம் என்ன?